மெழுகில் நிற்கும் பற்கள்

அன்று காலை முதலில் பேசியது யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான்தான் என்று அக்கா சொல்கிறாள். அக்காதான் என்பது என் ஞாபகம். அம்மாவைக் கேட்டால், "ரெண்டு பேரும் வாயே திறக்கல, நான்தான் பேசினேன்" என்பாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு மௌனம் அப்படி. அதை உடைத்தது யார் என்பதற்கே ஆளுக்கொரு சாட்சியம்.

அதனால் நான் சொல்லப்போகிறதில் முன்னது பின்னதாக இருக்கலாம். ஆனால் பேசிய பேச்சு மாறியிருக்காது. கொஞ்சமாகப் பேசுகிற வீட்டில் ஒவ்வொரு வார்த்தையும் வெகுநாள் தங்கும்.

அக்கா ஒரே ஒரு பெட்டியோடு அத்தான் வீட்டிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வந்த அன்றே அம்மா விசாரணையை முடித்துவிட்டாள். அடித்தாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேறு யாராவது? இல்லை.

"அப்புறம் என்னடி?"

"செட் ஆகலம்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் அக்காவிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

இந்தச் சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. நான் பொய்ப்பல் செய்கிறவள். பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் அறைதான் என் பட்டறை. நான் செய்து முடித்துக் கொடுப்பது பல்செட். பற்களை மெழுகில் ஒவ்வொன்றாக நிறுத்துவதையும் செட் பண்ணுவது என்றுதான் சொல்வோம். பிளாஸ்டரைக் குழைத்து அச்சில் ஊற்றினால் முதலில் சூடாகும், பிறகு ஆறும்; ஆறினால் செட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் கை வைத்தால் போச்சு.

அம்மாவுக்கு செட் என்றால் கண்ணாடி அலமாரியில் இருக்கும் டீ கோப்பைகள். அதில் ஒன்று எப்போதோ உடைந்துவிட்டது. மிச்சத்தை விருந்தாளிகளுக்கும் எடுக்க மாட்டாள், எங்களுக்கும் தர மாட்டாள். "செட்டே போயிடுச்சே" என்று துடைத்துத் துடைத்து உள்ளே வைப்பாள். அக்காவின் மாமனாருக்கு செட் என்றால் டி.வி. வாழ்நாள் முழுக்க டி.வி. ரிப்பேர் பார்த்தவர் அவர். "அந்தச் செட்டு, இந்தச் செட்டு" என்று அவர் சொல்வதெல்லாம் முதுகு கழற்றிய டி.வி. பெட்டிகளைத்தான்.

அக்கா சொன்ன செட் இதில் எதுவும் இல்லை. அதனாலேயே அம்மாவுக்கு அது ஒரு காரணமாகப் படவில்லை.

"பிளாஸ்டராடி அது, செட் ஆகலன்னு தூக்கிப் போட்டுட்டு வர?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்த வார்த்தையை வீட்டுக்குள் அழைத்து வந்தவள் நான்தான் என்பது போல.

எனக்கு மட்டும் அக்கா ஒரு தடவை சொன்னாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நனைந்த போர்வைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முகம் தெரியாதது வசதியாக இருந்திருக்க வேண்டும்.

"கேட்டா பதில் வரும்டி. கேக்கலன்னா ஒண்ணும் வராது. ஒரு தடவை நானா எதுவும் கேக்காம இருந்து பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல ஓடிச்சு. அவருக்கு அது தெரியவே இல்ல."

"மாமா?"

"அவரு அதுக்கும் மேல. அப்பாவும் மகனும் ஒரே சோபாவுல உக்காந்து செட்டைப் பார்ப்பாங்க. நடுவுல நான் டீயை வச்சுட்டு வருவேன். டீ ஆறிப்போற சத்தம்கூட கேக்கும்."

நான் சிரித்துவிட்டேன். போர்வைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

---

நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

அத்தானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. கூட வருகிறாளா, இல்லையா என்று சாயங்காலம் போன் செய்து கேட்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். இல்லை என்றால் இனிமேல் கேட்க மாட்டாராம். அக்காவின் கண்களைப் பார்த்தால் அவள் முந்தின இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. என்ன முடிவு என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்.

அதே நாளில்தான் மாமாவுக்கு டிரையலும் வாய்த்தது.

டிரையல் என்றால், மெழுகில் நிறுத்திய பற்களை வாயில் வைத்துப் பார்ப்பது. மெழுகாக இருக்கும்வரை எந்தப் பல்லையும் நகர்த்தலாம், சாய்க்கலாம், இறக்கலாம். ஆளுக்குப் பிடித்துவிட்டால் மெழுகை எடுத்துவிட்டு ஈறு நிறப் பொடியை அடைத்து வெந்நீரில் வேக வைத்துவிடுவோம். வெந்தது வெந்ததுதான். அப்புறம் கடவுளே வந்தாலும் நகராது.

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் ஒருவர் வந்து முகத்தைப் பார்த்துச் சரி சொல்லாமல் எதையும் வேக வைப்பதில்லை. டாக்டரம்மா வைத்த சட்டம். முன்பு ஒருவர் தனியாக வந்து, கண்ணாடியில் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். செட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி, "எங்க வீட்டுக்காரர் மூஞ்சி எங்கே?" என்று கேட்டு அழுதுவிட்டாளாம். தன் முகத்தைத் தானே பார்ப்பவனுக்குத் தெரியாதது எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்குத் தெரியும் என்பார் டாக்டரம்மா.

மாமாவின் பற்களை எடுத்தபோது அக்கா அந்த வீட்டில்தான் இருந்தாள். தங்கை வேலை பார்க்கும் இடம் என்று அவள்தான் அவரை எங்களிடம் அழைத்து வந்தாள். ஈறு ஆறுவதற்குள் அவள் பெட்டியோடு வந்துவிட்டாள்.

அன்று காலை அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னைக்கு மாமாவுக்கு டிரையல்க்கா."

"எந்த மாமா?"

"உனக்கு எத்தனை மாமா இருக்காங்க?"

அக்கா சட்டைக் கையை நீவி மடித்தாள். "அதுக்கு?"

"வீட்டு ஆள் வேணும். அத்தானுக்கு ஆபீஸாம், முடியாதாம். தனியா வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"நான் இப்ப அந்த வீட்டு ஆள் இல்லடி, பல்லி."

நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் பல்லி. கோபமாக இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பல்லி என்றதால் இன்னும் கதவு மூடவில்லை என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள்.

"போயிட்டு வாயேன் கண்ணு. வயசானவர். பாவம். பார்த்து ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தா என்ன குறைஞ்சா போயிடும்?"

அம்மாவின் குரலில் தேன் ஒழுகியது. அம்மா எங்களைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து செட் பண்ணீங்களா இதை?"

"சத்தியமா இல்லக்கா."

"சாயங்காலம் போன் வருது. மத்தியானம் அவரு வர்றார். நான் அவர் மூஞ்சியைப் பார்க்கணும், மனசு இளகணும், போன்ல சரின்னு சொல்லணும். அதானே?"

"பார்த்தா இளகிடும்னு உனக்கே பயமா இருக்குன்னா, அப்ப அங்க ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் அம்மா.

அம்மா படிக்காதவள். ஆனால் வக்கீல்.

இஸ்திரிப் பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. நான் அவளைக் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சினால் அம்மாவின் கட்சியில் சேர்ந்த மாதிரி ஆகிவிடும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

---

மாமா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். பல் போனால் மூக்கும் தாடையும் நெருங்கிவிடும். முகம் பாதியாக மடித்த காகிதம் மாதிரி ஆகிவிடும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சம்பந்தி வீட்டுப் பெண் என்ற மரியாதையா, பல் செய்கிறவள் என்ற மரியாதையா என்று தெரியவில்லை.

"வாங்க மாமா. சாப்பிட்டீங்களா?"

"ம். ரொட்டி. பால்ல நனைச்சு."

"அத்தான் நல்லா இருக்காரா?"

"இருக்கான்."

பேச்சு முடிந்தது. அவர் சுவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா வரும்வரை அந்த அறையில் மின்விசிறி ஒன்றுதான் பேசியது.

மாமாவின் பற்களை நான் கவனமாகத்தான் செய்திருந்தேன். பல் எடுப்பதற்கு முன் பல் தெரியச் சிரித்த மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். மாமா போனில் அனுப்பியிருந்தார். அதைப் பெரிதாக அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி, பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். முன்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி நிற்கும், கூட்டத்தில் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி. அதைக்கூட அப்படியே வைத்திருந்தேன். எல்லாப் பல்லையும் வரிசையாக நிறுத்தினால் அது சினிமாக்காரன் வாய். வீட்டு மனிதரின் வாய் இல்லை.

டாக்டரம்மா மெழுகுச் செட்டைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து வாயில் வைத்தார். "மெதுவா மூடுங்க. கடிக்காதீங்க, மெழுகு."

மடித்த காகிதம் பிரிந்தது. கன்னம் நிமிர்ந்தது. நான் போட்டோவைப் பக்கத்தில் பிடித்தேன்.

"அப்படியே இருக்கு" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

மாமாவிடம் கண்ணாடியைக் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உங்களுக்கு உங்களை மாதிரி தெரியுதா?"

மறுபடியும் பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். டி.வி.யில் படம் சரியாக விழவில்லை என்றால் அவர் தலையைச் சாய்த்துப் பார்ப்பார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அப்படிச் சாய்த்தார்.

"யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கு" என்றார். "ஆனா நல்லாதான் இருக்கார்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என்ன மாறியிருக்கு?"

"தெரியல."

"வீட்லேருந்து யாரும் வரலையா?"

"இல்ல." கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார். "பரவாயில்லம்மா. வேக வச்சிடுங்க. யாரு பார்க்கப் போறா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இருபக்கமும் போட்டோவோடு ஒத்துப்போகிறது; ஆளும் சரி என்கிறார். சட்டத்தைத் தளர்த்தினால் இன்றே வேக வைத்துவிடலாம். வாயிலிருந்து செட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

கதவருகே யாரோ நிற்பது தெரிந்தது. அக்கா. காலையில் கட்டியிருந்த அதே வீட்டுப் புடவை. வழி முழுக்க மனதை மாற்றி மாற்றி வந்தவள் போல, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

மாமா கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்க மாமா" என்றாள் அக்கா.

"நீங்க மருமகளா?" என்றார் டாக்டரம்மா.

மூன்று பேர் இருந்தோம் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள். ஒருவரும் சொல்லவில்லை. டாக்டரம்மா கெட்டிக்காரர். "சரி, இங்க வந்து எதிர்ல நின்னு பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்கா வந்து எதிரே நின்றாள். அவர் முகத்தை அவள் அவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்.

"பல்லு இடம் மாறியிருக்கு."

"எது?" என்றேன்.

"ஏறி நிக்குமே, அது. இந்தப் பக்கம் இல்ல. அவருக்கு இடது பக்கம்."

"போட்டோல இப்படித்தான்க்கா இருக்கு."

"அப்ப போட்டோ தப்பு."

"போட்டோ எப்படிக்கா தப்பாகும்?"

என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். மாமாவின் சிரிப்பைப் பார்க்கவில்லை, பின்னால் சுவரைப் பார்த்தாள். "இந்தக் காலண்டரைப் பாரு."

பார்த்தேன். தேதிகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திரும்பி நின்றன. அத்தனை நாள் என் கண்ணெதிரே ஒட்டியிருந்த போட்டோ. என் கண் பல்லை விட்டு நகரவே இல்லை. தன் பக்கம் போனைத் திருப்பித் தானே எடுத்துக்கொள்ளும் படத்தை அந்தப் போன் கண்ணாடிபோலப் புரட்டித்தான் வைத்துக்கொள்ளும். வேறு யார் எடுத்திருந்தாலும் பல் இருந்த பக்கத்திலேயே இருந்திருக்கும்.

நான் புரிந்துகொண்டது பல்லைப் பற்றி. அக்கா புரிந்துகொண்டது வேறு.

"இதை நீங்களே எடுத்தீங்களா மாமா?"

தலையசைத்தார்.

"நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனே."

அவர் கழுத்தில் கட்டிய துணியை நீவினார். அக்கா அதோடு விட்டுவிட்டாள்.

---

ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். கத்தியைச் சூடாக்கி மெழுகை இளக்கினேன். எட்டிப் பார்த்த பல்லை வரிசைக்குள் தள்ளி, மறுபக்கத்துப் பல்லைப் பெயர்த்துப் பக்கத்துப் பல்லின் மேல் ஏற்றினேன். சின்ன வேலைதான். எனக்கு முதுகுப்பக்கம் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டு மௌனம் எப்படி இருக்கும் என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லப் பார்த்தாள். அன்றுதான் என் முதுகில் அது படிந்தது. அதில் கோபம் இல்லை. பகை இல்லை. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட ஒரு காரணம் தேடிக்கொண்டே இருக்கிறார், கிடைப்பதற்குள் நேரமாகிவிடுகிறது. அப்படி ஒரு மௌனம்.

செட்டை மறுபடி வைத்தோம். கண்ணாடியைக் கொடுத்தோம்.

மாமா பார்த்தார். தலையைச் சாய்க்கவில்லை.

"இது நான்தான்" என்றார்.

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "இப்ப பேசிக் காட்டுங்க. பேச்சு குழறுதா, பல்லு இடிக்குதான்னு பார்க்கணும். ஒண்ணுலேருந்து எண்ணுங்க."

எண்ணினார். ஒவ்வொரு எண்ணையும் பல்லுக்கு வலிக்காமல் இறக்கி வைப்பது போல எண்ணினார்.

"இப்படி இல்லைங்க. நீங்க ஜாக்கிரதையா எண்ணுறீங்க. சாதாரணமா பேசணும். ஏதாவது பேசுங்க. அவங்ககிட்ட பேசுங்க."

டாக்டரம்மா அக்காவைக் கைகாட்டினார்.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வண்டி பின்னால் நகரும் பீப் பீப் சத்தம் வந்து, நின்று, அப்புறமும் அவர் பேசவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. மெழுகு வாய்ச் சூட்டில் இளகிவிடும். அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது.

"செட்டு எதுவும் போடுறதில்ல இப்ப" என்றார் திடீரென்று.

அக்கா நிமிர்ந்தாள்.

"சத்தம் வந்தா, நீ உள்ள ஏதோ வேலையா இருக்கேன்னு ஒரு நெனப்பு வருது. அதான் போடுறதில்ல."

"சரி மாமா" என்றாள் அக்கா. குரல் எங்கோ இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றார் டாக்டரம்மா. அவர் காது பல்லில் இருந்தது.

"உன்னை வரச் சொல்லுன்னு சொல்லி அனுப்பினான். நீ வருவேன்னு அவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. உங்கம்மா போன் பண்ணியிருப்பாங்க."

அக்கா என்னைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றும் அவளுக்குக் கடன்பட்டவள்.

"நான் சொல்ல மாட்டேன்."

அவர் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஒரு மனிதருக்குள் அவ்வளவு பேச்சு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"உன் மாமியார் என்கிட்ட பேசிப் பேசிப் பார்த்தா. அடுப்படியிலேருந்து பேசுவா, கொல்லையிலேருந்து பேசுவா. நான் செட்டைத் திறந்து வச்சுக்கிட்டு குனிஞ்சிருப்பேன். அப்புறம் ஒரு நாள்லேருந்து பேசறதை விட்டுட்டா. நான் அதை நிம்மதின்னு நெனச்சேன். அவ போற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்."

மூச்சு வாங்கினார்.

"அவன் அதைப் பார்த்து வளர்ந்தவன். இதுதான் வீடுன்னு நெனச்சிட்டான். அவனுக்கு வேற தெரியாது. நீ வந்து தெரிஞ்சுக்க வைக்கணும்னு நான் கேக்க முடியாது. ஒருத்தி பட்டது போதும். நீ போனது சரிதாம்மா."



"உச்சரிப்பு நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. சொன்ன பிறகுதான் தான் எதைக் கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டு, போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார்.

நான் செட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். மெழுகு இளகி முன்பற்கள் சற்றே சாய்ந்திருந்தன. பல் இல்லாத முகம் மறுபடி மடிந்தது. மாமா கைக்குட்டையைத் தேடினார். அது கீழே விழுந்து கிடந்தது. அக்கா குனிந்து எடுத்து உதறிக் கொடுத்தாள்.

"மேல் பல்லு கொஞ்சம் நீளமா தெரியுது மாமா. சிரிச்சா ரொம்ப தெரியும். குறைக்கச் சொல்றேன்."

"நான் எங்க சிரிக்கப் போறேன்?"

"அதுக்காகத் தப்பா செய்யறதா?"

அவர் முகத்தில் கைக்குட்டை இருந்தது. அதன் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். அவர் போகும் பக்கம் வேறு, அவள் போகும் பக்கம் வேறு. "வர்றேம்மா" என்றார். "பார்த்துப் போங்க" என்றாள். எதிர்ச்சாரிக் கடைகளைத் தாண்டி அவர் தெருமுனை திரும்பும்வரை அக்கா அங்கேயே நின்றாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அழவில்லை.

"பல்லி, எனக்குப் பசிக்குது" என்றாள். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

பக்கத்துப் பேக்கரியில் பன் வாங்கிக்கொடுத்தேன். நின்றபடியே தின்றாள்.

"இப்ப என்னக்கா பண்ணப் போறே?"

"வர மாட்டேன்னு சொல்லணும்னுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அவரும் போனது சரின்னுட்டார். சந்தோஷமா இருக்கணும் இல்ல?"

"இல்லையா?"

"இல்லடி. தப்புன்னு யாராவது சண்டை போட்டா எதிர்த்து நின்னுடலாம். சரின்னு சொல்லிட்டா, அப்புறம் நான் மட்டும்தான் நிக்கணும்."

பன்னின் காகிதத்தை மடித்தாள், இன்னும் மடித்தாள், மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

---

சாயங்காலம் போன் மணி அடித்தபோது அம்மா பாய்ந்து எடுத்தாள். "ஆங், சொல்லுங்க மாப்பிள்ளை, இருக்கா, இங்கதான் இருக்கா, இன்னைக்கு மாமாவைக்கூடப் போய்ப் பார்த்துட்டு வந்தா…" அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நான்தான். இல்லைங்க. நான் வரல."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தானின் மௌனத்தை எப்போதும் அக்காதான் நிரப்புவாள் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டீங்களா, மழையா அங்க, சட்டையை எடுத்து வச்சேனே பார்த்தீங்களா என்று அவளே கேள்வியும் கேட்டு, பதிலுக்கும் இடம் விட்டு, அதையும் அவளே முடிப்பாள். அன்று நிரப்பவில்லை. போனைக் காதில் வைத்தபடி சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். எதிர்வீட்டுக் கம்பியில் காய்ந்த துணிகளை ஒருத்தி ஒவ்வொன்றாக உருவிப் போனாள். கம்பி காலியானது. அப்போதும் அக்கா பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை.

கடைசியில் அந்தப் பக்கம்தான் பேசியது. எனக்கே கேட்டது.

"அப்பா வந்ததுலேருந்து ஒரு மாதிரி இருக்கார். அங்க என்ன பேசினார்?"

அவராகக் கேட்ட கேள்வி. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்கிட்ட கேக்காதீங்க" என்றாள், மெதுவாக. "அவர் அங்கதானே இருக்கார்? அவரையே கேளுங்க."

வைத்துவிட்டாள்.

அம்மா பத்து நாள் போல அக்காவிடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு பருப்பு தீர்ந்துபோன விஷயமாக ஆரம்பித்து, பேசத் தொடங்கிவிட்டாள். அத்தான் மாற்றல் வந்த ஊருக்குத் தனியாகப் போனார். மாமா அவரோடு போகவில்லை. அந்த வீட்டிலேயே இருக்கிறார். பல்செட்டை நான்தான் வேக வைத்து, மெருகு போட்டுக் கொடுத்தேன். கீழ்ச்செட் உறுத்துகிறது என்று இரண்டு தடவை வந்தார், இப்போது பழகிவிட்டது. அக்கா ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, எங்களோடுதான் இருக்கிறாள். அத்தான் ஊருக்குப் போகும் முன் தன் அப்பாவிடம் கேட்டாரா, கேட்டிருந்தால் மாமா என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. ரயில் ஏறிய அன்று அத்தானிடமிருந்து அக்காவின் போனுக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. மிகவும் நீளமானது. அக்கா அதை இன்னும் கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை.